பூஞ்சைக்கு வந்த காய்ச்சல்

ஜூன் 11

இந்த மலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. குளிர் இன்னும் பழகவில்லை. தூத்துக்குடிக்காரியைப் பிடித்துப் பழனி மலையடுக்கில் வாழை நோய் பார்க்கப் போட்டவர்களை என்ன சொல்ல? துவைத்துப் போட்ட துணி காய்வதற்குள் மறுபடி அழுக்காகிவிடுகிறது.

இன்று வீராயி அக்கா தோட்டம். மலைவாழையில் வாடல் நோய் கீழ்ப்பக்கத்தை முழுதாகத் தின்றுவிட்டது. அடி இலைகள் மஞ்சளாகி மடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோல் தொங்குகின்றன. ஒரு மரத்தை வெட்டிக் கிழங்கைப் பிளந்து காட்டினார். உள்ளே செங்கல் நிறத்தில் கோடு கோடாக இருந்தது. மண்ணில் இருக்கும் பூஞ்சை வேர் வழியாக ஏறித் தண்ணீர் போகும் பாதையை அடைக்கிறது. இதற்கு மருந்து கிடையாது. இதைத்தான் நான் அவரிடம் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"மருந்து இல்லேன்னு சொல்றதுக்கு எதுக்கு டீச்சர் மாசாமாசம் மேடேறி வர்றீங்க? அங்கிருந்தே ஒரு போனப் போட்டுச் சொல்லிரலாம்ல?"

நான் டீச்சர் இல்லை, ஆய்வு நிலையத்தில் வேலை பார்ப்பவள் என்று சொல்லிச் சொல்லி விட்டுவிட்டேன். கண்ணாடி போட்டுப் பை மாட்டிய பெண் என்றால் அவருக்கு டீச்சர்தான்.

செத்த மரங்களுக்கு நடுவே, ஓடைக்கரையில் ஒரு தூர் மட்டும் நிற்கிறது. இலையில் லேசாக மஞ்சள், தார் சிறியது, ஆனாலும் நிற்கிறது. கேட்டேன்.

"அதுவா? மூணு வருசமா அப்படித்தான். சாகவும் மாட்டேங்குது, செழிக்கவும் மாட்டேங்குது. என் நாத்தனா மாதிரி ஒரு சீக்காளி."

அதன் வேரில் ஒரு துண்டும் கைப்பிடி மண்ணும் எடுத்து வந்தேன். அக்காவின் கொழுந்தன் தங்கமாயன் தைப்பூசம் வரைதான் பொறுப்பாராம். தோட்டம் இன்னும் பாகம் பிரிக்காதது, அவருக்கும் அதில் சரிபாதி உண்டு. பூசம் முடிந்ததும் வாழையை முழுக்க அழித்துவிட்டு சவ்சவ் பந்தல் போடப்போகிறாராம். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் இந்தத் தோட்டத்துத் தார் ஒன்று பழனிக்குப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும். அக்கா இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அது நின்றதில்லை.

"இந்த வருசம் போறதுதான் கடைசித் தாருன்னு முருகன்கிட்ட நான் எப்படி டீச்சர் சொல்லுவேன்?" என்றார். வரும்போது ஒரு பை நிறைய எலுமிச்சை கொடுத்தார்.

ஜூன் 24

மற்ற மரங்களிலிருந்து எடுத்த பூஞ்சைகள் தட்டில் வெள்ளைப் பஞ்சாகப் பொங்கி விளிம்பு வரை வந்துவிட்டன. ஓடைக்கரைத் தூரிலிருந்து எடுத்தது மட்டும் பார்க்கச் சகிக்கவில்லை. மெதுவாக வளர்கிறது, நிறம் அழுக்கு, ஓரமெல்லாம் கந்தல். நிலையத் தலைவர் சௌந்தரபாண்டியன் சார் எட்டிப் பார்த்தார்.

"கெட்டுப்போன தட்டும்மா. வேற எதுவோ விழுந்திருக்கு. தூக்கிப் போடுங்க."

யாராவது தூக்கிப் போடு என்றால் எனக்கு எடுத்து வைக்கத்தான் தோன்றும். எடுத்து வைத்தேன்.

ஜூலை 9

எடுத்து வைத்த தட்டின் பூஞ்சையிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து ஜெல்லில் ஓட்டியதில், இன்று ஒரு கோடு தெரிந்தது. பளிச்சென்று, தெளிவாக. ஆரோக்கியமான பூஞ்சையில் இருக்கவே கூடாத வகை ஆர்.என்.ஏ. அது.

அந்தக் கந்தல் பூஞ்சைக்குள் வைரஸ் இருக்கிறது! வாழைக்கு நோய் தருகிற பூஞ்சைக்கே நோய். அதனால்தான் அது சோர்ந்து கிடக்கிறது, அதனால்தான் அந்தத் தூரைக் கொல்ல அதற்குத் தெம்பில்லை. இப்படிப் பூஞ்சையைப் பலவீனப்படுத்தும் வைரஸ்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். என் கையால் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "கெட்டுப்போன தட்டு" பற்றி இருவருமே பேசவில்லை.

அம்மாவுக்கு போன் செய்தேன். "பூச்சிக்கு வைரஸா, பூஞ்சைக்கா? சரி, சாப்பிட்டியா?" என்றாள்.

ஜூலை 11

பல்லைக் காட்டிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். வைரஸ் என்றதும் அவர் கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தப் பேர இந்தத் தோட்டத்துல சொல்லாதீங்க."

அவர் சிறுமியாக இருந்தபோது இந்த மலை முழுக்க முடிக்கொத்து நோய் வந்தது. இலையெல்லாம் உச்சியில் கொத்தாகக் குறுகி, மலைவாழை மொத்தமாகப் போனது. ஜீப்பில் வந்தவர்கள் வைரஸ் என்று சொல்லி, நன்றாக நின்ற தூரையும் சேர்த்து வெட்டச் சொன்னார்களாம். இவருடைய அப்பா வெட்ட மறுத்து மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். பிறகு அவரே வெட்டியிருக்கிறார்.

"அது வாழைக்கு வார வைரஸ், இது பூஞ்சைக்கு வாரது, ரெண்டும் வேறக்கா, சொல்லுதேன் கேளுங்க" என்றேன்.

"எதுவா இருந்தா என்ன? பாம்புல எது நல்ல பாம்புன்னு குனிஞ்சு பாத்துட்டா இருப்பாங்க? அப்புறம், 'சொல்லுதேன்'னு சொல்லாதீங்க டீச்சர், சிரிப்பு வருது."

கடைசியில் நான் அதைக் காய்ச்சல் என்று சொல்வதாக ஒத்துக்கொண்டேன். பூஞ்சைக்குக் காய்ச்சல். அது அவருக்குப் புரிந்தது. "நோய்க்கே காய்ச்சலா? நல்லா வேணும் அதுக்கு!"

ஜூலை 30

ஒரே தட்டில் ஒரு பக்கம் கொல்லும் பூஞ்சையையும் மறுபக்கம் காய்ச்சல் பூஞ்சையையும் வைத்திருந்தேன். ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்றால் இழைகள் சந்திக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும், காய்ச்சல் இதிலிருந்து அதற்குப் போகும். ஒத்துவராதவை என்றால் நடுவில் கறுப்பாக ஒரு கோடு விழும், அதோடு சரி.

கோடு விழவில்லை. வெள்ளையாக இருந்த பூஞ்சையின் ஓரம் இன்று காலை கந்தலாகத் தொடங்கியிருந்தது. ஆய்வகத்தில் ஒருவரும் இல்லை. நானே கைதட்டிக்கொண்டேன்.

செப்டம்பர் 2

தொட்டிக் கன்றுகளில் தெளிவாகத் தெரிந்துவிட்டது. வெள்ளைப் பூஞ்சை போட்டவை வாடிச் சாய்ந்தன. காய்ச்சல் பூஞ்சை போட்டவையும், இரண்டையும் சேர்த்துப் போட்டவையும் கொஞ்சம் வெளிறிப்போய் நிற்கின்றன. சார் தொட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். அக்கா தோட்டத்துப் பூஞ்சையை அக்கா தோட்டத்துக்கே கொடுப்பதால் ஒரே ஒரு வரிசையில் போட்டுப் பார்க்கலாம் என்றார். அக்டோபர் கடைசியில் மேலிடத்துக் குழு பார்க்க வருகிறது. "நல்லா, கண்ணுக்குக் குளிர்ச்சியா ஏதாவது காட்டணும்" என்றார்.

அக்காவிடம் கேட்டேன். தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, நோய் எட்டாத மேல்வரிசை ஒன்றைக் காட்டினார்.

"நோய் வர்றதுக்கு முன்னாடியே அந்தக் காய்ச்சலு மண்ணுல இருந்துட்டா, வர்ற நோயும் காய்ச்சல்ல விழுந்துரும்னு சொல்றீங்க. அப்படித்தான?"

"அப்படியேதான்க்கா."

"உங்கள நம்பித்தான் குடுக்குறேன். அதுல நிக்குறது பூரா நான் கையில தூக்கி வச்சு நட்ட கன்னு."

எதுவும் ஆகாது என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இறங்கி வரும்போது தோன்றியது. தோன்றியதோடு சரி.

செப்டம்பர் 10

வரிசையில் போடும் அளவுக்குப் பெருக்க வேண்டும். அதற்கு முன் வழக்கமான வேலை ஒன்று உண்டு. வளர்ப்பைத் தண்ணீரில் கரைத்து, ஒற்றை வித்துகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக முளைக்கவிட்டு, நல்லதாக ஒன்றைப் பொறுக்க வேண்டும். இந்தப் பூஞ்சையோடு வேலை செய்கிற எவரும் இதைச் செய்யாமல் அடுத்த அடி வைப்பதில்லை. எனக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டே செய்ய வரும். கல்லூரியில் என் தட்டுகளைத்தான் மற்றவர்களுக்கு எடுத்துக் காட்டுவார்கள்.

செப்டம்பர் 16

முளைத்தவற்றில் பல கோணல்மாணல். ஒன்று மட்டும் அருமையாக வந்திருக்கிறது, வட்டமாக, ஓரம் சுத்தமாக, வெள்ளைவெளேரென்று. அதையே எடுத்தேன். இவ்வளவு அழகான தட்டைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! சாரும் பார்த்துவிட்டு, "இப்பத்தான் ஒரு சயின்டிஸ்ட் லேப் மாதிரி இருக்கு" என்றார். குளிர்பெட்டியில் பழைய பூஞ்சைக் குழாய்களை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். பழசையும் புதுசையும் சேர்த்து வைத்தால் குழப்பம் வரும்.

செப்டம்பர் 29

அவித்த சோளத்தில் பூஞ்சை அமோகமாகப் பிடித்திருக்கிறது. பை பையாகப் பஞ்சு. இத்தனை வேகத்தை எதிர்பார்க்கவில்லை. என் கைராசி.

அக்டோபர் 4

மேல்வரிசையில் ஒவ்வொரு தூருக்கும் ஒரு கை சோளம், மேலே மண். அக்கா ஒவ்வொரு தூரின் அடியிலும் குனிந்து கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். மதியம் அவர் வீட்டில் ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும். கடல்காரிக்கு மலையில் கருவாடு போடும் துணிச்சல் அவருக்கு மட்டும்தான் உண்டு. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. சார் உத்தரவு, ஆய்வகம் கண்ணாடியாக மின்ன வேண்டும். பழைய தட்டுகள், தொட்டிக் கன்றுகள், கந்தல், காய்ந்தது எல்லாவற்றையும் நானே அள்ளி ஆட்டோகிளேவில் போட்டு அவித்துக் கொட்டினேன். நுண்ணோக்கிக்குச் சந்தனம், தராசுக்குக் குங்குமம், ஆட்டோகிளேவுக்கு மாலை. நான் வேதக்காரி என்று யாரும் விடவில்லை, பொரி கடலை அள்ளிக் கொடுத்தார்கள். இரண்டு கை வாங்கினேன்.

அக்டோபர் 29

குழு வந்தது, தட்டைப் பார்த்தது, படம் எடுத்தது, போனது.

அக்டோபர் 31

தீபாவளி. அக்கா சீயமும் முறுக்கும் கொடுத்தனுப்பியிருந்தார். தனியாக உட்கார்ந்து அவ்வளவையும் தின்றேன்.

நவம்பர் 19

மேல்வரிசையில் முதல் தூரில் அடி இலை மஞ்சள். விடாத மழை, வேரில் தண்ணீர் தேங்கியிருக்கும். வாய்க்கால் வெட்டிவிடச் சொன்னேன்.

நவம்பர் 25

வாய்க்கால் வெட்டியும் மஞ்சள் நிற்கவில்லை. மழைதான். மழையாகத்தான் இருக்கும். பக்கத்து வரிசைக்கும் அதே மழைதானே என்று அக்கா கேட்டார். சரிவு வேறு என்று எதையோ சொன்னேன்.

டிசம்பர் 3

வரிசை முழுக்கப் பாவாடை. தண்டு அடியில் வெடித்திருக்கிறது. கீழ்ப்பக்கத்தில்கூட இந்த வேகத்தில் போனதில்லை. பக்கத்து இரண்டு வரிசைகளிலும் ஓரத்தில் மஞ்சள் தொட்டிருக்கிறது. அக்கா வெடித்த தண்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.

டிசம்பர் 6

மிச்சமிருந்த சோளப் பையிலிருந்தும் என் அழகான தட்டிலிருந்தும் எடுத்து ஜெல்லில் ஓட்டினேன்.

கோடு இல்லை.

மறுபடி ஓட்டினேன். இல்லை.

ஒற்றை வித்தாகப் பிரிக்கும்போது எல்லா வித்துக்கும் வைரஸ் போய்ச் சேராது. சிலது தப்பிவிடும். தப்பியது நன்றாக வளரும். நன்றாக வளர்ந்ததை நான் பொறுக்கினேன். காய்ச்சல் உள்ள கோணல்மாணல்களை ஒதுக்கிவிட்டு, காய்ச்சல் இல்லாத ஒன்றைத் தேடி எடுத்து, அதைப் பை பையாகப் பெருக்கி, அந்த அம்மா கும்பிட்டுக் கும்பிட்டு நகர்ந்த தூர்களின் அடியில் என் கையாலேயே போட்டிருக்கிறேன். நான் போட்டது மருந்தல்ல, நோய்.

பழைய தட்டுகளையும் தொட்டிகளையும் தேடினேன். அவற்றைத்தான் பூஜைக்கு அவித்துக் கொட்டினேனே. குழாயும் இல்லை. இந்தக் கை உருப்படுமா?

டிசம்பர் 7

சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"இத்தனை மழைக்கு எந்த வாழைம்மா நிக்கும்? அறிக்கையில மழைன்னு போட்டுருவோம். அந்தம்மாவுக்கு என்ன தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே சார்."

"உங்களுக்கு பிப்ரவரியோட புராஜெக்ட் முடியுது. யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிற நேரத்துக்குள் யோசித்து முடித்துவிட்டேன். அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதி அவர் மேசையில் வைத்தாயிற்று. அவர் அதை என்ன செய்தாலும் சரி.

டிசம்பர் 8

அக்காவிடம் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அழகாக இருந்ததை எடுத்தேன், அது கொல்லும் பூஞ்சை, நான்தான் போட்டேன்.

அவர் செத்த தூர் ஒன்றின் மீது கையை வைத்துக்கொண்டு நின்றார். "எங்கப்பனாவது வெட்டுனதுக்கப்புறம்தான் அழுதாரு, எனக்கு வெட்டுறதுக்கு முன்னாடியே வருது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "போ. இனிமே இந்தப் பக்கம் வராத" என்றார்.

இதுவரை என்னை ஒரு நாளும் நீ, போ என்று அவர் சொன்னதில்லை. இறங்கி வரும் வழியெல்லாம் அழுதேன். இதை எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 12

போனேன். வேறென்ன செய்வது? காய்ச்சல் பூஞ்சை இப்போது இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்து ஒரே இடத்தில்தான் இருக்கிறது, அந்த ஓடைக்கரைச் சீக்காளியின் வேரில். தைப்பூசத்துக்குப் பிறகு அதுவும் இருக்காது. பக்கத்து இரண்டு வரிசைகளுக்கு அதை விட்டால் வழியில்லை.

அக்கா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். நான் பேசினேன், அவர் மாட்டிடமே பேசினார். கடைசியில் என் பக்கம் திரும்பாமல், "செத்தத மொதல்ல அள்ளு. பெறகு உன் மண்ணக் கேளு" என்றார்.

ஆள் வைத்துச் செய்யலாமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

டிசம்பர் 14

வெட்டுவது சுலபம். கிழங்கைத் தோண்டி எடுப்பதுதான் எமன். வேரோடு கிளறி, அந்த இடத்திலேயே எரித்து, குழிக்குச் சுண்ணாம்பு போட்டு, அரிவாளைக் கழுவி, செருப்பைக் கழுவி, அடுத்த தூருக்குப் போக வேண்டும். ஈரக் கட்டை எரிய மாட்டேன் என்கிறது. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

டிசம்பர் 18

விடுப்பு எடுத்துக்கொண்டேன். சார் ஏன் என்று கேட்கவில்லை. இடுப்பு எனக்குச் சொந்தமில்லை.

டிசம்பர் 22

அம்மா கேட்டாள், கிறிஸ்துமஸுக்கு எப்போது கிளம்புகிறாய் என்று. வேலை இருக்கிறது என்றேன். "அப்படி என்னட்டி வேலை?" மரம் வெட்டுகிறேன் என்றேன். "கையில துணி சுத்திக்கிட்டு வெட்டு" என்றாள்.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். கோயிலுக்குப் போகவில்லை, வரிசைக்குப் போனேன். மதியம் வாய்க்காலில் கைகழுவித் திரும்பினால் வரிசையின் முனையில் ஒரு தூக்குவாளி. திறந்தால் கோழிக் குழம்பும் சோறும். சுற்றிலும் யாருமில்லை. அவருக்கு எப்படித் தெரியும் இன்று என்ன நாள் என்று? சோற்றைத் தின்று, வாளியைத் தேய்த்துக் கழுவி, அதே இடத்தில் வைத்தேன்.

டிசம்பர் 30

கடைசிக் கிழங்கையும் எடுத்தேன். வரிசை இருந்த இடத்தில் சுண்ணாம்புக் குழிகள் மட்டும். அக்கா வந்து ஒவ்வொரு குழியாகப் பார்த்தார். ஒரு குழியில் விட்டுப்போன வேரைக் காலால் காட்டினார், எடுத்தேன். பிறகு ஓடைக்கரைக்கு அவரே முன்னால் நடந்தார்.

"எடுத்துக்க. இந்தத் தடவ எது அழகா இருக்குன்னு பாக்காத."

ஜனவரி 7

பொங்கி வந்த வெள்ளைத் தட்டுகளுக்கு நடுவில் இரண்டு அழுக்குத் தட்டுகள். ஓரம் கந்தல். ஜெல்லில் கோடு. முத்தமிடாத குறைதான்.

தட்டுகளின் மேல் பெரிதாக எழுதி ஒட்டினேன்: அசிங்கமாக இருக்கும், தொடாதே. குழாய்களில் ஊற்றி மூன்று இடத்தில் வைத்தேன், ஒன்று என் அறை அலமாரியில் சட்டைகளுக்கு நடுவே. ஒற்றை வித்துப் பிரிப்பது கிடையாது. வழக்கம் கிழக்கம் எல்லாம் இந்தப் பூஞ்சையிடம் செல்லாது. மொத்தமாக, இழையோடு இழையாக, கந்தல் ஓரத்திலிருந்து வெட்டி வெட்டி மாற்றுகிறேன். ஒவ்வொரு பைக்கும் ஜெல் ஓட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஜனவரி 24

சோளப் பைகள் பரிதாபமாக இருக்கின்றன. பாதிச் சோளத்தில்கூடப் பிடிக்கவில்லை. மகிழ்ச்சி. எல்லாப் பையிலும் கோடு இருக்கிறது. சார் உள்ளே வந்து நின்றார். என் அறிக்கையை அப்படியே மேலே அனுப்பிவிட்டதாகச் சொன்னார். "எனக்கு நல்லா விழுந்துச்சு திட்டு" என்றார். பிறகு ஒரு பையைத் தானே தூக்கி வண்டியில் வைத்தார்.

ஜனவரி 25

மஞ்சள் தொட்ட இரண்டு வரிசைகளுக்கும் போட்டாயிற்று. அக்கா இந்தத் தடவை கும்பிடவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு கூட வந்தார்.

பிப்ரவரி 8

பூசத்துக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் தங்கமாயன் ஆட்களோடு வந்துவிட்டார். சவ்சவ் கொடிக்கு ஆள் கிடைக்கும்போதே வேலையை முடித்துவிட வேண்டுமாம். ஓடைப் பக்கமிருந்து தொடங்குவதாகச் சொல்லி நேராகச் சீக்காளித் தூரிடம் போய் அரிவாளை ஓங்கினார். நான் கத்தியது அவர் காதில் விழவில்லை. மேட்டிலிருந்து அக்கா இறங்கி ஓடி வந்தார்.

"டேய் மாயா, கைய வைக்காத! அதுல வைரஸ் இருக்குடா!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. கூட வந்தவர்கள் இரண்டு எட்டு பின்னால் போனார்கள்.

"என்ன மதினி சொல்ற? எந்த வைரஸு?"

"எந்த வைரஸுன்னு டீச்சரக் கேளு. ரெண்டு வருசமா வந்து பாக்குறாங்க. வெட்டுனா தோட்டம் பூரா தெறிக்கும், பாத்துக்க."

தங்கமாயன் என்னைப் பார்த்தார். முடிக்கொத்து நோய்க்கு வந்த அந்த ஜீப் அவருக்கும் ஞாபகம் இருக்கும், முகத்தில் தெரிந்தது.

"நெசமாவா டீச்சர்? இருக்கா?"

"இருக்கு" என்றேன். கர்த்தர் அறிய, உண்மை. தெறிப்பது பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"எத்தன மரத்துல?"

"இதுல இருக்கு. அந்த ரெண்டு வரிசைக்கும் இப்பத்தான் போயிருக்கு. எதையும் வெட்டாம அப்படியே வச்சுப் பாக்கணும். சித்திரை முடியட்டும்."

அவர் அரிவாளை ஓடையில் கழுவினார், காலைக் கழுவினார், முகத்தையும் கழுவினார். போகும்போது யாரும் எதையும் தொடவில்லை. அவர்கள் வளைவு தாண்டும்வரை அக்கா முறைத்துக்கொண்டே நின்றார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இருவரும் சிரித்த சிரிப்பில் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"அந்தப் பேர என் வாயால சொல்ல வச்சுட்டியே புள்ள" என்றார்.

பிப்ரவரி 11

தைப்பூசம். சீக்காளித் தூரிலிருந்து தார் வெட்டினோம். சின்னத் தார், ஐந்தாறு சீப்புதான். சாக்கில் சுற்றி மலைப் பேருந்தில் ஏற்றினார். முருகனிடம் என்ன சொன்னீர்கள் என்று மாலையில் கேட்டேன்.

"சித்திரை வரைக்கும் பொறுன்னு சொல்லிருக்கேன். அவருக்கென்ன அவசரம்?"

பிப்ரவரி 28

புராஜெக்ட் முடிந்தது. சாமான்களைக் கட்ட வேண்டும். வீட்டுக்காரரிடம் இன்னும் இரண்டு மாதம் இருப்பதாகச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். குளிர் பழகிவிட்டது என்றேன்.

மார்ச் 22

மஞ்சள் பரவுகிறது. குருத்து வரவில்லை. இரண்டு வரிசைகளையும் தினமும் போய்ப் பார்க்கிறேன், பார்ப்பதால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும்.

ஏப்ரல் 6

ஒரு தூர் சாய்ந்துவிட்டது. மற்றவை நிற்கின்றன. கோடை மழை இல்லை. தண்ணீர் சுமந்து ஊற்றினோம். தங்கமாயன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "எப்படி இருக்கு டீச்சர்?" என்றார். இன்னும் தெரியவில்லை என்றேன். அவர் உள்ளே வரவில்லை.

ஏப்ரல் 27

திண்டுக்கல்லுக்கு வந்திருக்கிறேன், ஒரு கல்லூரியில் நேர்முகத் தேர்வு. வரிசையில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அக்கா. அவர் எனக்கு போன் செய்ததே இல்லை. சாய்ந்துவிட்டது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்து வெளியே ஓடி வந்து எடுத்தேன். ஓடைச் சத்தம் கேட்டது, மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"ஏ புள்ள, குருத்து விட்டிருச்சு. ரெண்டு வரிசையிலயும். எல பூரா மஞ்சளும் பச்சையுமா, பாக்கவே சகிக்கல!"

"அப்ப சாகலையாக்கா?"

"சாகலடி. எல்லாம் சீக்காளியாயிருச்சு!"

அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்தேன். உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். இதோ வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, எந்தெந்தத் தூரில் குருத்து வந்திருக்கிறது என்று அக்காவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.